கணக்குக் காட்டாதார் பெயர் குடத்துள் இடப்படாது

எமது ஊர்களிலே சங்கம் இல்லாத குறிச்சி இருந்ததில்லை. சனசமூக நிலையம், கிராம முன்னேற்றச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மரண சகாய நிதிச் சங்கம் என ஒரே வாசிகசாலைச் சுவரில் நாலைந்து பெயர்ப்பலகைகள் தொங்கியதை நாம் கண்டிருக்கின்றோம். புலம்பெயர்ந்தபோது வீட்டையும் வளவையும் விட்டு வந்தோம்; உறுதிகளையும் சான்றிதழ்களையும் வழியிலே தொலைத்தோம். சங்கம் அமைக்கும் பழக்கத்தை மாத்திரம் எந்த எல்லைக் காவலரும் எம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. அப்பழக்கத்தோடு, சங்கம் இரண்டாய் உடையும் பழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது.

ஏன் உடைகின்றன? கொள்கை வேறுபாடு என்றே வெளியிலே சொல்லப்படும். உள்ளே சென்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரு கணக்குக் கொப்பியே அகப்படும். எழுதப்படாத கொப்பி, அல்லது எழுதப்பட்டும் எவருக்கும் காட்டப்படாத கொப்பி. இந்நோய் எமக்கு மட்டும் உரியதோ என்று நொந்துகொள்வோர் பலர். அவர்களுக்காக, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நோயோடு மல்லாடிய ஓர் ஊரின் கதையை இவ்வாரம் எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

ஒரே சுவரில் இரண்டு கட்டளைகள்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ளது உத்தரமேரூர். பல்லவர் காலந்தொட்டுப் பிராமணர்களுக்கு உரித்தான பிரமதேய ஊராக விளங்கியது. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது கி.பி. 919க்கு உரியது. மற்றையது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. கல்வெட்டறிஞர் வெங்கையா சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை உலகறியச் செய்தார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட தமது சோழர் ஆட்சிமுறை பற்றிய நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார்.

'குடவோலை முறை' என்ற ஒரு சொல்லாக இச்செய்தியைப் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்திலே நாம் அனைவரும் மனனம் செய்தோம். மேடைப் பேச்சாளர்களுக்கோ இது கைவந்த கரும்பு. ஐரோப்பியர் வாக்குப் பெட்டியைக் காணுமுன்னரே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று முழங்கினால் கைதட்டல் நிச்சயம். கைதட்டிய நாமும் ஒருநாள் இக்கல்வெட்டுகளின் முழு வாசகத்தைப் படித்தோம். அங்கே பெருமிதத்தைக் காட்டிலும் கவலையே மிகுந்திருக்கக் கண்டோம்.

முதலில் எழும் கேள்வி, இரண்டே ஆண்டு இடைவெளியில் அவ்வூரார் ஏன் இரண்டாவது கட்டளையை வெட்டுவித்தனர் என்பதாகும். கல்லில் எழுத்து வெட்டுவது தாளில் திருத்தம் எழுதுவது போன்ற இலகுவான காரியமன்று. 919இல் வகுத்த விதிகள் போதாமற் போயின என்பதைத் தவிர வேறு விளக்கம் எமக்குத் தோன்றவில்லை. முதற் கட்டளையில் உறுப்பினர் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது. இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றப்பட்டது. முதலாவது சுருக்கமானது. இரண்டாவதிலோ யார் யார் உறுப்பினராகக் கூடாது என்ற பட்டியல் நீண்டு செல்கின்றது. தீயோர் கெட்டு நல்லோர் வாழ்வதற்காக இவ்வியவஸ்தை செய்யப்பட்டது என்று கல்வெட்டே நோக்கத்தையும் கூறிவிடுகின்றது. எந்தத் தீயவர், என்ன செய்தார் என்பது சொல்லப்படவில்லை. ஆனால் ஒரு விதியை உற்று நோக்கினால், அதற்கு முன்னர் நடந்த முறைகேடு எதுவென்று ஓரளவு ஊகிக்க முடியும். பூட்டைக் கண்டால் களவு நடந்த கதவை அறியலாம் அல்லவா?

குடமும் சிறுவனும்

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது முப்பது வட்டாரங்களாக, வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டு, அக்குடும்பின் பெயர் பொறித்த வாயோலையோடு சேர்த்துக் கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்திலே இடப்பட்டன. குறித்த நாளில் பாலர் முதல் முதியோர் வரை மகாசபை முழுமையாகக் கூடவேண்டும். ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் சபை மண்டபத்தில் அமர்ந்திருக்கவேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, கூடியிருக்கும் எல்லோரும் காணும்படி குடத்தை உயரத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது எதுவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகள் வேறொரு வெறுங் குடத்திலே இடப்பட்டுக் குலுக்கப்படும். மீண்டும் அச்சிறுவனே ஓரோலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கை தெரிய அதனை வாங்கவேண்டும். அவன் வாசித்த பெயரை மண்டபத்திலிருக்கும் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரல்களை ஏன் விரிக்கவேண்டும்? மடித்த விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடுமென்று சபையோர் அஞ்சினர். மத்தியஸ்தன் அவர்களே நியமித்த நடுநிலையாளன். அவனிடமும் விரலை விரி என்றே அவர்கள் கேட்டனர். அதனை அவமதிப்பாக அவன் கொண்டதாகத் தெரியவில்லை. எமது ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலே ஒருவரிடம் பற்றுச்சீட்டைக் காட்டும்படி கேட்டால் என்ன நிகழும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இவ்வாறு தெரிவான முப்பது பேருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டு வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். பொன்னின் தரம் நோக்கும் பொன் வாரியமும், பஞ்சவார வாரியமும் வேறாக இருந்தன. அவற்றுக்கும் அறுவர் அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். இடையிலே குற்றம் புரிந்தவர் எனக் காணப்பட்டவர் அப்பொழுதே நீக்கப்படுவார். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குட் செல்லாது. ஆண்டு வாரியமே மேலானது. அதற்கு, முன்னர் தோட்டத்திலும் ஏரியிலும் வாரியம் செய்து பழகியவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையுமே எடுத்தனர். ஏரி தூர்வாரும் வேலையைக் கண்காணிக்கத் தெரியாதவர் ஊரைக் கண்காணிக்க வரலாகாது என்ற எண்ணம் இதில் தொனிக்கின்றது. மண்டபத்துக் கதிரைகளை ஒருநாளேனும் அடுக்கி வைத்திராதவர் நேரே தலைவர் கதிரைக்கு வரும் எமது வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டு நாம் சற்றே வெட்கமடைந்தோம்.

மாமன் மக்கள், மருமகன், மைத்துனன்

இனி மையமான விதிக்கு வருவோம். எந்த வாரியத்திலேனும் இருந்து, கணக்குக் காட்டாது விட்டவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவரோடு அது நின்றுவிடவில்லை. அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தந்தையோடு பிறந்தவர், மாமனார், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளை மணந்தவர், மருமகன், தந்தை, மகன் என உறவுமுறை ஒவ்வொன்றும் பெயர் சுட்டி விலக்கப்பட்டுள்ளது. ஒரு கல்யாண வீட்டிற்கு அழைப்பு அனுப்புவோர் கூட இத்துணை கவனமாகப் பட்டியல் எழுதுவாரோ என்பது ஐயம்.

பிறர் பொருளைக் கவர்ந்தோர், பெரும்பாதகம் செய்தோர் ஆகியோரும் விலக்கப்பட்டனர். குற்றத்திற்காகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவரும், பொய்யோலை எழுதியவரும் பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் ஆகார் எனத் தனியே கூறப்பட்டது. இவற்றையெல்லாம் எந்த ஊரும் எழுதும். கணக்குக் காட்டாதவரைக் கள்வரோடு ஒரே பட்டியலில் நிறுத்தியதே இவ்வூரின் தனித்துவம். அவர் பணத்தை எடுத்தாரா இல்லையா என்ற விசாரணைக்கே சபை செல்லவில்லை. காட்டவில்லை என்பதே போதுமான குற்றமாயிற்று.

உறவினரை ஏன் சேர்த்துத் தண்டிக்கவேண்டும் என இன்றைய நீதி கேட்கும், கேட்கவும் வேண்டும். தந்தை செய்த தவறுக்கு மகனைத் தள்ளிவைப்பதை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் அச்சபையோர் கண்ட ஆபத்து கற்பனையன்று. தலைவர் விலகுவார், அவர் மைத்துனர் தலைவராவார், பழைய கணக்கைக் கேட்பவர் எவருமிலர். மூன்றாண்டு இடைவெளி விதியை உறவினர் மூலம் தாண்டிச்செல்ல முடியும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருத்தல் வேண்டும். முந்திய கட்டளையிலேயே, அண்மையில் விலகிய வாரியத்தாரின் நெருங்கிய உறவினர் ஆகாது என்று எழுதியிருந்தனர். அது போதவில்லை போலும்.

கணக்கெழுதுவோனைப் பற்றியும் ஒரு விதியுண்டு. நேர்வழியிற் பொருளீட்டியவனே ஊர்க் கணக்கை எழுதலாம். எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் அவனே நேரில் ஒப்படைத்து, தூயவன் எனக் கொள்ளப்பட்ட பின்னரே மறுபடி கணக்கெழுத வரலாம். அவன் எழுதிய கணக்கை வேறொரு கணக்கன் புகுந்து முடித்தல் கூடாது. எழுதியவனே காட்டவேண்டும், அவன் காட்டும்வரை அது திறந்தே கிடக்கும்.

இவ்வளவையும் வியந்து கூறும்போது மறைக்கலாகாத ஒன்றுண்டு. இச்சபை ஊரார் அனைவரினதும் சபையன்று. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆடவர் பெயர்களே குடத்துக்குள் சென்றன. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவராயின் அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை இருந்தது, அதுவும் அவர்களுக்குள்ளேதான். அந்நிலங்களை உழுதவர்களுக்கும், பெண்களுக்கும் அங்கே இடமில்லை. சீட்டெடுப்பு வாக்கெடுப்பும் ஆகாது. அரசன் ஆணையோடு முதன்முறை தத்தனூர் மூவேந்த வேளானும், இரண்டாம் முறை சோமாசிப் பெருமானும் சபையில் உடனிருந்தே இவ்விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே தமிழரின் பூரண சனநாயகம் என்று இதனைப் பாடுவோர் கல்வெட்டைப் படிக்காதவர்களே. சொத்துள்ள ஒரு சிறு குழுவினர், தம்முள் ஒருவரையொருவர் நம்பமுடியாத நிலை வந்தபோது, நம்பிக்கைக்குப் பதிலாக எதை வைத்தனர் என்பதே இதிலிருந்து நாம் கற்கக்கூடியது.

அன்று அன்று என்போரும் சாகாத ஆடும்

உத்தரமேரூருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்துக் கல்வெட்டொன்று எழுந்தது. அங்கேயும் சபை உறுப்பினர் தகுதிகளே பேசப்படுகின்றன. அத்துடன் சுவையான விதியொன்றும் உண்டு. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துத் தடைசெய்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும் தலைக்கு ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்பதே அது. எமது கூட்டங்களில் இவ்விதி அமுலானால் கட்டட நிதி ஒரே மாலையிற் சேர்ந்துவிடும் என நண்பரொருவர் கூறினார். நகைச்சுவை ஒருபுறமிருக்க, இவ்விதியை நாம் அச்சத்தோடே நோக்குகின்றோம். எல்லாவற்றையும் மறுப்பவர் யார், நியாயமான ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் யார் என்பதைத் தீர்மானிப்பது தண்டம் வாங்கும் தரப்பே அல்லவா? உத்தரமேரூரார் இத்தகைய விதியை அந்த இரண்டு கட்டளைகளிலும் எழுதவில்லை. அவர்கள் கேட்பவர் வாயை விட்டுவிட்டுக் காட்டவேண்டியவர் கையைப் பிடித்தனர்.

பொது முதலைக் காக்கும் எண்ணம் சோழநாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு ஒரு சொற்றொடரே சான்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடையளிப்பது வழக்கம். அவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமலிருக்குமா? சாகும்; மூப்படையும். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகளை நிரப்பித் தொகையைக் குறையாது வைத்திருப்பது ஏற்றவர் கடமை. நெய்யைச் செலவிடலாம், ஆட்டைத் தொடலாகாது. வங்கியிலிட்ட கட்டட நிதியை எடுத்துக் கலைவிழாச் செலவை ஈடுசெய்த பொறுப்பாளர்கள் இந்த ஆட்டுக் கணக்கை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நன்று.

சட்டம் கேளாத கேள்வி

எம்மிற் பலர் வாழும் பிரான்சு நாட்டில் சங்கங்களுக்கு ஆதாரமாக இருப்பது 1901 யூலை 1ஆம் நாட் சட்டமாகும். அக்காலப் பிரதமர் வால்டெக் ரூசோவின் பெயரோடு அது வழங்கும். இருவர் இணைந்தாலே சங்கம் அமைக்கலாம். சங்கத்தின் பெயர், நோக்கம், முகவரி, பொறுப்பாளர் விபரம் ஆகியவற்றைப் பிரெபெக்சர் என்று எம்மவர் கூறும் ஆட்சி அலுவலகத்தில் பதிந்தாற் போதும். ஆனால் 1939 ஏப்ரலில் பிறந்த ஓர் ஆணை, அந்நியர் சங்கம் அமைப்பதானால் உள்துறை அமைச்சின் முன்னனுமதி வேண்டுமென விதித்தது. உலகப் போர் நெருங்கிய காலத்து ஐயத்தின் விளைவு அது. போர் முடிந்தது, ஆணை முடியவில்லை. 42 ஆண்டுகள் கழித்து, 1981 ஒக்டோபர் 9ஆம் நாட் சட்டமே அதனை நீக்கியது. 1983 யூலைக்குப் பின்னர் எம்மவர் பெருந்தொகையாக இங்கே வந்திறங்கியபோது அக்கதவு திறந்து இரண்டு ஆண்டுகளும் நிரம்பவில்லை. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அல்ஜீரியரும் நெடுங்காலம் காத்திருந்து பெற்ற உரிமை எமக்கு வந்தவுடனேயே கிடைத்தது.

இச்சட்டம் பெரிதும் தாராளமானது. சாதாரண சங்கமொன்று ஆண்டுக்கொருமுறை பொதுக்கூட்டம் கூட்டவேண்டுமென்று கூட அது வற்புறுத்துவதில்லை. தலைவரை எப்படித் தெரிவது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது, கணக்கை யாரிடம் எப்போது காட்டுவது என்பன யாவும் யாப்பை எழுதுவோர் பொறுப்பு. அந்த யாப்பையோ நாம் வேறொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்துப் பெயரை மாத்திரம் மாற்றி எழுதிக் கையொப்பமிட்டு வந்தோம். உத்தரமேரூரார் இரண்டு ஆண்டுகளில் இரண்டுமுறை கல்லில் எழுதியதை நாம் ஒருமுறை கூட வாசிக்காமலே பதிந்தோம்.

அதன் விளைவை எமது புறநகரிலேயே கண்டோம். பிராங் நாணயம் வழங்கிய காலம் அது. ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பு நடத்திய சிறு சங்கமொன்று இருந்தது. பொருளாளர் இரவு வேலை முடித்து, உறங்காமலே வந்து வகுப்புக் கதவைத் திறப்பவர். பெற்றோரின் மாதப் பணமும் தேநீர் விற்ற காசும் அவர் வீட்டுப் பிஸ்கற் ரின்னில் இருந்தன. கணக்கை ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதுவதாகச் சொல்வார். மூன்றாம் ஆண்டுக் கூட்டத்தில் தாயொருவர் அக்கொப்பியைக் காட்டுமாறு கேட்டார். "என்னைக் கள்ளன் எண்டோ சொல்லுறியள்?" என்று அவர் எழுந்து நின்றது எமக்கு இன்றும் கண்முன் நிற்கின்றது. கேட்டவரை அடக்க ஐந்து பேர், பொருளாளரைத் தூற்ற ஐந்து பேர். அடுத்த மாதம் வகுப்பு இரண்டாயிற்று. ஒன்றிலே மேல்வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. மற்றையதில் ஆசிரியருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரே மாடியில் வசித்த அக்கா தங்கையின் பிள்ளைகள் வேறுவேறு தெருக்களில் அரிச்சுவடி படித்தனர். நாலாண்டு செல்லுமுன் இரண்டும் மூடப்பட்டன. அன்று ஏழெட்டு வயதாயிருந்த பிள்ளைகளுட் பலருக்கு இன்று இப்பத்திரிகையை வாசிக்க இயலாது.

பொருளாளர் பின்னர் வேறு நகருக்கு இடம்மாறினார். அவர் வீட்டுச் சாமான்களை ஏற்றிவிட நாமும் சென்றிருந்தோம். நிலவறைப் பெட்டியொன்றிலே அக்கொப்பி இருந்தது. தேதி வாரியாக வரவு செலவு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை. மண்டப வாடகைப் பற்றுச்சீட்டுகள் குண்டூசியாற் குத்தப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்து மீதியை எண்ணிப் பார்த்தோம். ரின்னில் இருந்த தொகை ஒரு சதமும் பிசகாமற் சரியாக இருந்தது. மனிதர் எம்மை நிமிர்ந்து பார்க்காமல், அதனை என்ன செய்வது என்று கேட்டார். யாரிடம் கொடுப்பதென்று எமக்கும் தெரியவில்லை.